டெக்சஸில் உறைகுளிர் வந்தால்: குழாய் முதல் கறிவேப்பிலை வரை முழுமையான வழிகாட்டி

குளிரெல்லாம் விட்டு வெயில் எட்டிப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டுக் குழாய் வெடித்தது. 2021 பிப்ரவரி 17, புதன்கிழமை, ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம். கொரோனாவால் ஊர் திரும்ப முடியாமல் எங்களோடு தங்கியிருந்த மாமனார் மாமியாரையும் சேர்த்து ஆறு பேர், இரண்டு ராத்திரி கரண்ட் இல்லாமல் ஒரே அறையில் படுத்துக் கிடந்தோம். அப்பாடா, கரண்ட் வந்துவிட்டது, ஒரு காபி போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்தேன். மேலே மழை பெய்கிற மாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பிள்ளைகள் அறையில் ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) கூரை நடுவில் தொப்பை போட்டுத் தொங்குகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிய்ந்து இன்சுலேஷன் பஞ்சும் ஐஸ் தண்ணீருமாகக் கட்டில்மேல் கொட்டியது. மெயின் வால்வு எங்கே என்று எனக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் ஒரு நீளமான இரும்புச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, தெருவோரப் பெட்டியைத் திறந்து தண்ணீரை நிறுத்துவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது.

அந்த இருபது நிமிடம் உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டெக்சஸை வைத்துச் சொன்னாலும் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, வடக்கு ஃபுளோரிடா என்று வளைகுடாக் கரையோரம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இங்கே தெர்மோஸ்டாட்டில் பார்க்கிற ஃபாரன்ஹீட் கணக்கிலேயே எழுதுகிறேன், 32 என்றால் தண்ணீர் உறையும் அளவு.

முதலில், இங்கே மட்டும் ஏன் இவ்வளவு சேதம்

மினசோட்டாவில் இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள், "13 டிகிரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று. அவர்கள் வீடும் நம் வீடும் ஒன்றல்ல. அங்கே குழாய்கள் பேஸ்மென்ட்டிலும் உள்சுவர்களிலும் போகும். இங்கே பேஸ்மென்ட் கிடையாது, கான்கிரீட் தளத்தின்மேல் நேராக வீட்டைக் கட்டிவிடுகிறார்கள், அதனால் நிறைய வீடுகளில் தண்ணீர்க் குழாய் அட்டிக் வழியாக, அதாவது மேற்கூரைக்கும் அறையின் உள்கூரைக்கும் நடுவில் பரண் மாதிரி இருக்கும் இடம் வழியாகத்தான் ஓடுகிறது. அந்த அட்டிக்கில் கோடை வெக்கை தங்காமல் வெளியேறுவதற்கென்றே காற்றுத் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் வெக்கை வெளியேறும் அதே துவாரம் வழியாகத்தான் ஜனவரியில் வாடைக்காற்று உள்ளே வருகிறது. அட்டிக் நம் வீட்டுக்குள் இருக்கிற மாதிரி தோன்றும், குழாயைப் பொறுத்தவரை அது தெருதான்.

காற்று எப்படி இவ்வளவு தெற்கே இறங்குகிறது என்றால், வட துருவத்துக்கு மேலே குளிர்காலம் முழுக்க ஒரு பெரிய காற்றுச் சுழல் சுற்றிக்கொண்டிருக்கும், அது கட்டுக்குள் இருக்கிற வரை கடுங்குளிரும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். 2021 ஜனவரியில் மேல்வளிமண்டலம் திடீரென்று சூடாகி அந்தச் சுழல் குலைந்தது. கனடாவிலிருந்து டெக்சஸ் வரை குறுக்கே தடுக்க ஒரு மலையும் கிடையாது, வெறும் சமவெளி. பிப்ரவரி நடுவில் ஹூஸ்டனில் 13, டாலஸ் விமான நிலையத்தில் பூஜ்ஜியத்துக்கும் கீழே 2. மாநிலத்தின் 254 கவுண்டிகளுக்கும் ஒரே நேரத்தில் பனிப்புயல் எச்சரிக்கை இருந்தது.

டெக்சஸின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தருகிற எர்காட் என்ற அமைப்பு நடத்தும் கிரிட் (மின்வலையமைப்பு) மற்ற மாநிலங்களோடு பெரிதாக இணைக்கப்படாத தனித் தீவு. பாதிக்கு மேற்பட்ட வீடுகள் மின்சாரத்தில்தான் ஹீட்டர் ஓட்டுகின்றன. எல்லோரும் ஒரே ராத்திரியில் ஹீட்டரைப் போட, அதே ராத்திரியில் எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்தன. 15ஆம் தேதி அதிகாலை இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அதே நிலை நீடித்திருந்தால் முழு கிரிட்டும் விழுந்திருக்கும் என்று எர்காட் பிறகு சொன்னது. 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருட்டில் கிடந்தன. மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் குளிராலேயே இறந்தவர்கள்.

அதற்குப் பிறகு மின்நிலையங்களைக் குளிர் தாங்கும்படி செய்யச் சட்டம் வந்தது, 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கிரிட் தாங்கியது. சரி, இனி கவலையில்லை என்று விட்டுவிடாதீர்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்டினில் கிரிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐஸ் பாரம் தாங்காமல் மரக்கிளைகள் ஒடிந்து கம்பிமேல் விழுந்தே லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தன. 2025 ஜனவரி 21 அன்று நியூ ஆர்லியன்ஸில் 8 அங்குலம் பனி விழுந்தது. இனிமேல் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

படி 1: இன்றைக்கே, வெயில் அடிக்கும்போதே, வால்வைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டு முன்பக்கம், தெருவோரம் அல்லது நடைபாதை ஓரப் புல்லில், தரைமட்டத்தில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீர் மீட்டர். உள்ளே சிலந்தி, எறும்பு, சில நேரம் பாம்புகூட இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மீட்டருக்குத் தெருப்பக்கம் இருக்கிற வால்வு நகராட்சியுடையது, வீட்டுப் பக்கம் ஒன்று இருந்தால் அது உங்களுடையது. பல வீடுகளில் வெளிச்சுவரோரம், தோட்டக் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு வால்வும் இருக்கும், கராஜுக்குள் இருப்பதும் உண்டு. எது எதுவென்று வெளிச்சத்திலேயே பார்த்து, ஒருமுறை மூடி, சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பல வருஷம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும், பலம் கொடுத்துத் திருகி உடைத்துவிடாதீர்கள், அப்படி இருந்தால் இப்போதே ப்ளம்பரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். குளிர் வந்த பிறகு ப்ளம்பர் கிடைக்க மாட்டார், 2021இல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு.

தெருப்பெட்டி வால்வைத் திருகுகிற நீளக் கைப்பிடிச் சாவி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். வாங்கி கராஜ் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கும். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது உடைந்தால் அவர்கள்தான் மூட வேண்டும்.

அபார்ட்மென்ட் என்றால் இந்த வால்வு உங்கள் கையில் இருக்காது. மேனேஜ்மென்ட் ஆபீஸில் எங்கே இருக்கிறது, ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மேல்வீட்டில் குழாய் உடைந்தால் நனைவது உங்கள் சாமான், அதனால் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் (வாடகைக்கு இருப்பவர்களின் சாமான்களுக்கான காப்பீடு) இல்லாமல் ஒரு குளிர்காலத்தைக்கூடக் கழிக்காதீர்கள்.

படி 2: எந்த நம்பருக்கு என்ன செய்வது

நேஷனல் வெதர் சர்வீஸ் 'வாட்ச்' என்று சொன்னால் வர வாய்ப்பிருக்கிறது, தயாராகு என்று அர்த்தம். 'வார்னிங்' என்றால் வந்துகொண்டிருக்கிறது, செய்து முடி. முன்பு 'ஹார்டு ஃப்ரீஸ் வார்னிங்' என்று தனியாக ஒன்று இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து அதை ஃப்ரீஸ் வார்னிங்கோடு சேர்த்துவிட்டார்கள். எனவே பெயரை மட்டும் பார்த்து நிறுத்தாமல் உள்ளே இருக்கிற நம்பரையும் எத்தனை மணி நேரம் என்பதையும் படியுங்கள்.

நான் மூன்று நம்பர்களை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். 32க்குப் போகும் என்றால் தொட்டிச் செடிகளை உள்ளே எடுக்க வேண்டும். 28க்குக் கீழே சில மணி நேரம் என்றால் வெளிக்குழாய்களைப் போர்த்தி மூட வேண்டும். 20 என்றால் அட்டிக் குழாய்க்கே ஆபத்து, அதற்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. காற்றும் பலமாக அடித்தால் 20 வரும்வரை காத்திருக்காதீர்கள், துவாரம் வழியாக நேராகக் குழாய்மேல் ஊதும்.

எர்காட்டிலிருந்து வரும் அறிவிப்புகளுக்கும் பதிவு செய்துகொள்ளலாம். அவசரநிலை மூன்றாம் கட்டத்துக்குப் போனால்தான் மின்வெட்டு. சுழற்சி முறையில் வெட்டுவோம் என்பார்கள், ஆனால் 2021இல் அது சுழலவே இல்லை, மருத்துவமனை இருக்கிற லைனில் இருந்தவர்களுக்குக் கரண்ட் போகவே இல்லை, எங்களைப் போன்றவர்களுக்கு வரவே இல்லை. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரமோ டயாலிசிஸ் கருவியோ ஓடுகிறது என்றால் டாக்டர் கையெழுத்தோடு 'கிரிட்டிகல் கேர்' வாடிக்கையாளர் விண்ணப்பத்தை மின்கம்பி நிறுவனத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். அது இருந்தாலும் கரண்ட் போகாது என்று உத்தரவாதம் கிடையாது, பேட்டரியோ வேறு இடமோ தயாராக இருக்க வேண்டும்.

படி 3: மூன்று நாள் முன்பு வாங்க வேண்டியவை

இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் குடிநீர், குறைந்தது மூன்று நாளைக்கு. மாத்திரைகள், குழந்தைக்குப் பால்பவுடர், டயப்பர். டார்ச்சு, பேட்டரி, பவர்பேங்க். காரில் முழு டாங்க். அடுப்பு இல்லாமலே சாப்பிடக்கூடியவை: அவல், பொட்டுக்கடலை, பழம், ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய். இட்லி மாவை நம்பி இருக்காதீர்கள், குளிரில் புளிக்காது.

குளிர் வருகிற அன்று மாலை பாத்டப்பை நிரப்பி வையுங்கள், டாய்லெட்டில் ஊற்றத்தான் அது. நம் வீடுகளில் வாளியும் மக்கும் எப்போதும் இருப்பது இந்த நேரத்தில் பெரிய உதவி. ஒரு வாளித் தண்ணீரைக் கிண்ணத்துக்குள் வேகமாக ஊற்றினால் அதுவே ஃபிளஷ் ஆகிவிடும்.

படி 4: குழாய்கள்

குழாய் ஏன் உடைகிறது என்று புரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தானாகத் தெரியும். தண்ணீர் ஐஸாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கிறது. ஐஸ் பிடித்த இடத்திலேயே குழாய் பிளக்கும் என்று நினைப்போம், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். பிளந்தாலும் ஐஸ் அடைத்துக்கொண்டிருக்கும் வரை ஒரு சொட்டு வராது. வெயில் வந்து ஐஸ் உருகினால்தான் கொட்டும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

குழாயைச் சொட்ட விடச் சொல்வதன் காரணமும் இதுவே. முனை திறந்திருந்தால் அழுத்தம் ஏறாது. எல்லாக் குழாயையும் திறக்க வேண்டாம். தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலிருந்து கடைசியில் இருக்கும் குழாய், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள், அட்டிக் வழியாக வருபவை, இவை போதும். சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டுமே சொட்ட வேண்டும், ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் நடுவில் வைத்து விடுங்கள். சொட்டுச் சொட்டாக விடாமல் விழுந்தால் போதும், கீழே ஒரு வாளி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், வீட்டுச் சூடு குழாயைத் தொட வேண்டும். கராஜ் கதவு மூடியே இருக்கட்டும்.

வெளிக்குழாயில் மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் உள்ளேயே நிற்கும், எவ்வளவு நல்ல குழாயாக இருந்தாலும் பிளக்கும். பிறகு அதன்மேல் ஃபோம் மூடியைப் போட்டு இறுக்குங்கள், சில டாலர்தான், ஆனால் வார்னிங் வந்த அன்று கடையில் ஒன்றுகூட இருக்காது. கிடைக்காவிட்டால் பழைய துண்டைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, தண்ணீர் புகாதபடி டேப் ஒட்டிவிடுங்கள். நனைந்த துண்டால் பயனில்லை. ஸ்ப்ரிங்க்லர் இருந்தால் சுவரோரம் தரைக்கு மேலே தலைகீழ் 'ப' போல வளைந்து நிற்கும் பித்தளைக் குழாய்தான் முதலில் போகும், அதற்கு வரும் வால்வை மூடி, பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகுகளைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மூடிப் போர்த்துங்கள். நீச்சல்குளம் இருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போய்விட்டால் மோட்டாரின் பிரேக்கரை அணைத்துவிட்டு, அதன் அடித் திருகுகளைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வெளிச்சுவரில் டாங்க் இல்லாத வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். உறையாமல் காக்க அதற்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு, ஆனால் அது ஓடுவதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போன உடனே அதற்கு வரும் தண்ணீரை மூடி, வடிகால் வால்வுகளைத் திறந்து காலி செய்யத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதன் கையேட்டில் படத்தோடு இருக்கும், போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம், சொட்ட விடுவது எப்போதும் சரியான வழி இல்லை. 2021இல் ஊர் முழுக்கத் திறந்து விட்டதும் குழாய்கள் உடைந்ததும் சேர்ந்து நகரத் தண்ணீரின் அழுத்தமே விழுந்தது, தயவுசெய்து சொட்ட விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். கரண்டும் போய், 20க்குக் கீழே பல மணி நேரம் இருக்கும் என்றால் என் தீர்மானம் இதுதான்: மெயினை மூடு, குழாயைக் காலி செய். மெயினை மூடிவிட்டு வீட்டின் எல்லாக் குழாயையும் திறந்து, டாய்லெட்டை ஃபிளஷ் செய்து, கடைசியில் தாழ்வான வெளிக்குழாயைத் திறந்தால் பெரும்பகுதி வடிந்துவிடும். அதற்கு முன்பு கேஸ் வாட்டர் ஹீட்டரை 'பைலட்'டில் (சின்னச் சுடர் மட்டும் எரியும் நிலையில்) வையுங்கள், எலெக்ட்ரிக் என்றால் பிரேக்கரை அணையுங்கள், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அது கெட்டுப்போகும். குடிதண்ணீர் பிடித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, கவலையில்லை. டிசம்பர் லீவில் ஊருக்குப் போகிறவர்களும் மெயினை மூடிவிட்டு, ஹீட்டரை 55க்குக் குறையாமல் வைத்துவிட்டுப் போங்கள்.

படி 5: கரண்ட் போய்விட்டது

கேஸ் ஹீட்டிங்தானே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். கேஸ் எரிந்தாலும் சூட்டை வீட்டுக்குள் தள்ளுகிற ஃபேனுக்குக் கரண்ட் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரே அறையைத் தேர்ந்தெடுங்கள். சின்னதாக, ஜன்னல் குறைவாக, முடிந்தால் தெற்குப் பார்த்ததாக. கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள், ஜன்னலில் கம்பளி தொங்கவிடுங்கள், பகலில் வெயில் வருகிற ஜன்னலில் மட்டும் கம்பளியை விலக்கிவிடுங்கள். பிள்ளைகளின் விளையாட்டுக் கூடாரம் இருந்தால் மெத்தைமேல் விரித்து அதற்குள் படுக்கலாம், ஆளின் சூடே உள்ளே தங்கும். ஒரு தடிமனான ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய துணிகள் மேல், தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ். கைக்குழந்தையின் தொட்டிலில் மட்டும் கம்பளி போடாதீர்கள், உடையிலேயே கனம் கூட்டுங்கள்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி அத்தை கேட்டார், "பின்னாடி இருக்கற கரி அடுப்பை உள்ள கொண்டாந்து வெச்சா என்னம்மா? ஊர்ல கணப்புச் சட்டி வெச்சுக்குவோமே." நியாயமான கேள்விதான். ஊர் வீட்டில் ஓட்டிடுக்கு, ஜன்னல், முற்றம் என்று காற்று போய்வர ஆயிரம் வழி. இங்கே ஏசி போகாமலிருக்க வீட்டை இறுக்க அடைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் நாமும் துண்டு வைத்து அடைத்திருக்கிறோம். கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, வாந்தி, அப்புறம் தூக்கம், அந்தத் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். 2021இல் டெக்சஸில் நூற்றுக்கணக்கானோர் இப்படி மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்.

கரி கிரில், கேம்பிங் அடுப்பு, வெளியில் வைக்கிற புரொபேன் ஹீட்டர் எதுவும் வீட்டுக்குள்ளேயோ கராஜிலோ கூடாது. கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. கராஜில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்து போன் சார்ஜ் செய்யக் கூடாது, காரை வெளியே எடுத்து நிறுத்தி, பின்னால் சைலன்சரைப் பனி மூடியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். கேஸ் ஓவனைத் திறந்து வைத்துக் குளிர் காயக் கூடாது. தீக்குச்சியால் கேஸ் பர்னரைப் பற்றவைத்துச் சமைப்பது வேறு, சில மாடல்களில் அது முடியும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சமைத்துவிட்டு அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை ஜன்னலைப் பார்க்காதபடி. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைக்கு வெளியே ஒன்று இருக்கட்டும். ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் குளிராவது ஒன்றாவது, எல்லோரும் வெளியே வந்து 911.

விளக்கும் அப்படித்தான். சாமி விளக்கை ஏற்றிவிட்டுப் படுக்காதீர்கள், போர்வையும் கம்பளியும் தரையெல்லாம் கிடக்கிற நேரம். கரண்ட் இருக்கும்போது ஸ்பேஸ் ஹீட்டர் வைத்தால் சுற்றிலும் மூன்றடி காலியாக, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம்.

படி 6: பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

குளிர்காலத்தில் ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாக்கள் ஒரு மெல்லிய சால்வையோடு வருவார்கள், "எனக்கு ஒண்ணும் குளிரலை" என்றும் சொல்வார்கள். வயதானால் உடம்புக்குக் குளிர் உறைப்பதே குறைவு, அதனால் அவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். உடம்புச் சூடு 95க்குக் கீழே போனால் அது ஆபத்து. பேச்சு குழறினால், கேட்டதையே கேட்டால், தடுமாறினால், முக்கியமாக நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால், சரியாகிவிட்டது என்று நினைக்காமல் உடனே 911 கூப்பிடுங்கள். அதுவரை ஈரத்துணியை மாற்றி, மார்பு, கழுத்துப் பக்கம் முதலில் சூடாக்குங்கள், கை கால்களைத் தேய்க்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் தாங்க முடியாது என்று தோன்றினால் வீம்பு பிடிக்காதீர்கள். 211க்குப் போன் செய்தால் பக்கத்தில் எங்கே வார்மிங் சென்டர் (குளிருக்குப் போய்த் தங்கும் பொது இடம்) திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். சாலை உறைவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், அது முக்கியம்.

படி 7: காரை எடுக்காதீர்கள்

2021 பிப்ரவரி 11 காலை ஃபோர்ட் வொர்த்தில் ஒரு நெடுஞ்சாலையில் 133 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். சாலை ஈரமாக இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று போவதால் அவைதான் முதலில் உறையும், ஹூஸ்டனிலும் டாலஸிலும் மேம்பாலம் இல்லாமல் எங்கே போவீர்கள்? நான்கு சக்கர இழுவை வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது. போயே ஆக வேண்டும் என்றால் டிரைவ்டெக்சஸ் தளத்தில் சாலை நிலவரம் பாருங்கள், கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும்.

படி 8: கறிவேப்பிலையும் முருங்கையும்

தொட்டியில் இருந்தால் கராஜுக்குள் எடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. தரையில் வைத்தவர்களுக்குத்தான் பாடு. குளிருக்கு முந்தின நாள் வேருக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் அரையடி உயரத்துக்குச் சருகோ மல்ச்சோ குவியுங்கள். பழைய பெட்ஷீட்டால் தரை வரை தொங்கும்படி மூடிக் கல் வையுங்கள், ஏனென்றால் காக்கிற சூடு மண்ணிலிருந்துதான் வருகிறது. குடை மாதிரி தலையை மட்டும் போர்த்தி நடுவில் கயிறு கட்டினால் பயனில்லை. பிளாஸ்டிக் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். உள்ளே குண்டு பல்பு சரவிளக்கு போட்டால் கொஞ்சம் சூடு கிடைக்கும், எல்இடி சூடு தராது. காலையில் வெயில் வந்ததும் போர்வையை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு செய்தாலும் 13 டிகிரியில் கறிவேப்பிலையின் மேல்பகுதி தாங்காது. இலையெல்லாம் கறுத்துத் தொங்கும், பார்க்கவே வயிற்றைப் பிசையும். உடனே வெட்டாதீர்கள், அடுத்த குளிரில் அந்தக் காய்ந்த கிளைதான் கீழிருப்பதைக் காக்கும். மார்ச் நடுவில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள், பச்சை வருகிற இடம் வரை வெட்டுங்கள். முருங்கை தரையோடு போனாலும் வேர் உறையாமல் இருந்தால் திரும்ப எழும்பும், வாழையும் அப்படித்தான்.

படி 9: குளிர் விட்ட பிறகு

ஆபத்தான நேரம் இதுதான், ஆரம்பத்தில் சொன்னேனே. மெயினை மூடி வைத்திருந்தால் ஒரே திருப்பில் திறக்காதீர்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேர், ஒருவர் வால்வில், ஒருவர் உள்ளே காது கொடுத்துக்கொண்டு. கால் திருப்பு திறந்து நிறுத்துங்கள். கூரையைப் பாருங்கள், சுவரைத் தடவுங்கள், அட்டிக்கில் ஏறி டார்ச்சு அடியுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், அதில் ஒரு சின்ன முக்கோணமோ சக்கரமோ இருக்கும், அது சுற்றினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் அங்கே இன்னும் ஐஸ் இருக்கிறது. முனையைத் திறந்து வைத்து, முனைப் பக்கமிருந்து ஐஸை நோக்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டுங்கள், தண்ணீர் நிற்கிற இடத்தில் டிரையரைத் தொடவே வேண்டாம். நெருப்பு காட்டவே கூடாது.

தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி அறிவிப்பு இருந்தால் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். பல் தேய்க்க, காய் கழுவ, ஐஸ் போட எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். ஃபிரிட்ஜ் ஃபில்டர் இதற்குப் போதாது.

உடைந்திருந்தால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், நனைந்த பகுதியின் பிரேக்கரை அணையுங்கள், பிறகு எதையும் எடுப்பதற்கு முன்பு போட்டோவும் வீடியோவும். திடீரென்று உடைந்த குழாயால் வந்த சேதத்தை வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஏற்கும், ஆனால் ஹீட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தால் மறுக்கலாம். ஆள் வந்து பார்க்கட்டும் என்று ஈரக் கார்ப்பெட்டோடு காத்திருக்காதீர்கள், ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு துண்டு கார்ப்பெட், உடைந்த குழாய்த் துண்டு இரண்டையும் பையில் போட்டு வைத்துவிட்டு மற்றதை அகற்றிக் காய வையுங்கள், ஃபேன் வாடகை வரை ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவைத் தட்டி உடனே செய்து தருகிறேன் என்று முழுப் பணத்தையும் முன்னால் கேட்கிறவரிடம் ப்ளம்பர் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள், மாநிலப் ப்ளம்பிங் வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். எங்களிடம் அப்படி ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு போய் இரண்டாம் முறை வரவே இல்லை.

மின்கட்டணத் திட்டத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2021இல் மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போய், அதோடு கட்டிப்போட்ட திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது. வீடுகளுக்கு அந்த மாதிரித் திட்டம் விற்பதைப் பிறகு தடை செய்துவிட்டார்கள், இருந்தாலும் மாறும் கட்டணமா நிலையான கட்டணமா என்று உங்கள் ஒப்பந்தத்தில் பார்த்து, குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே நிலையானதற்கு மாறிவிடுங்கள்.

சாமான்கள் வாங்கச் சரியான நேரம் ஏப்ரல் கடைசி. அந்த மாதத்துக் கடைசித் திங்களோடு முடியும் மூன்று நாளும் டெக்சஸில் அவசரகாலப் பொருள்களுக்கு விற்பனை வரி கிடையாது. 3,000 டாலருக்குக் குறைந்த ஜெனரேட்டர், 75 டாலருக்குக் குறைந்த பேட்டரி, டார்ச்சு, கார்பன் மோனாக்சைடு அலாரம் எல்லாம் அதில் வரும். புயல் சீசனுக்கென்று விடுகிற சலுகை அது, அலாரமும் டார்ச்சும் ஜனவரிக்கும் அதேதான். எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் இரண்டு அலாரமும் அப்படி வாங்கியவை.